அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைமை மாற்றம் (2022)

அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, இந்தியாவில் கால்பந்து விளையாட்டை நிருவகிக்கும் தேசிய அமைப்பு ஆகும். இது 1937 இல் தொடங்கப்பட்டது. 2022 இல் இதன் தலைமை மாற்றத்தின்போது, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு என்னும் கேள்வி எழுந்தது.

பின்னணி

தலைவர் பிரபுல் பட்டேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிவடைந்தது. சட்டவிதிகள் தொடர்பான வழக்கு நிலுவையில் இருந்ததால் தேர்தல் நடைபெறவில்லை. மே 18, 2022 அன்று உச்ச நீதிமன்றம் பழைய நிருவாகத்தை விலக்கி, மூவர் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தது. மாநிலச் சங்கங்களின் 36 சார்பாளர்களுடன் 36 முன்னாள் வீரர்களும் வாக்களிக்கலாம் எனப் பின்னர் முடிவானது.

இடைநீக்கம்

வெளியார் தலையீடு எனக் கூறி, பிஃபா 2022 ஆகஸ்டு நடுவில் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. ஆசிய மகளிர் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் சென்றிருந்த கோகுலம் கேரளா அணியினர் ஆடாமலே திரும்பினர். அக்டோபரில் இந்தியாவில் நடக்கவிருந்த 17 வயதிற்குட்பட்ட மகளிர் உலகக்கோப்பையும் கேள்விக்குள்ளானது. ஆகஸ்டு 22 இல் நீதிமன்றம் மூவர் குழுவைக் கலைத்தது. வாக்குரிமை மாநிலச் சங்கங்களுக்கு மட்டும் என்றானது. ஆகஸ்டு 26 இல் தடை நீங்கியது. உலகக்கோப்பை திட்டமிட்டபடி இந்தியாவிலேயே நடந்தது.

தேர்தல்

செப்டம்பர் 2, 2022 அன்று முன்னாள் இலக்குக் காவலர் கல்யாண் சௌபே, முன்னாள் அணித்தலைவர் பாய்ச்சுங் பூட்டியாவை 33–1 என்ற வாக்குக் கணக்கில் வென்றார். இப்பதவிக்கு வந்த முதல் கால்பந்து வீரர் இவரே.

எதிர்காலத் திட்டம்

2023 சனவரியில் 'தொலைநோக்கு 2047' வெளியிடப்பட்டது. விடுதலையின் நூற்றாண்டான 2047 இல் ஆசியாவின் முதல் நான்கு அணிகளுள் ஒன்றாதல் இதன் இலக்கு. ஆயினும் 2025 அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்ற ஆடவர் அணி, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெறும் வாய்ப்பை இழந்தது.