முதல் வேலை – 9: கூப்பிட்டால் வர ஆள் உண்டா?

பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் தெரியாததற்கும் ஏன் தலையாட்டிவிடுகிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். ஐ.டி. கம்பெனியும் ஆடிட்டர் ஆபீசும் இந்த வாரம் வருவதாக இருந்தது. அவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. அந்த இடத்தை நியூயார்க்கின் ஓர் இரவு எடுத்துக்கொண்டது.

1984 மார்ச் 4. லிபி ஸயான் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி, காய்ச்சலும் உடல் உதறலுமாக நியூயார்க் ஹாஸ்பிடலுக்கு வந்தார். அவரைப் பார்த்துக்கொண்டது இரண்டு பயிற்சி மருத்துவர்கள். ஒருவர் படிப்பு முடித்து ஒரு வருடம்கூட ஆகாத இன்டெர்ன். இன்னொருவர் இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட். பெரிய டாக்டர் வீட்டில் இருந்தார், போனில் யோசனை சொன்னார். உதறலுக்கு பெதிடின் ஊசி போடப்பட்டது. லிபி ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மனச்சோர்வு மாத்திரையோடு அந்த மருந்து சேரக்கூடாது.

நள்ளிரவு தாண்டியது. ரெசிடென்ட் சற்றுத் தள்ளியிருந்த கட்டடத்துக்குத் தூங்கப் போனார், பீப்பர் அடித்தால் வருவார். இன்டெர்ன் தனி ஆளாக வேறு பல நோயாளிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். லிபி நிலைகொள்ளாமல் புரள்வதாக நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னபோது, கட்டிவைக்கச் சொல்லியும் ஊசி போடச் சொல்லியும் போனிலேயே உத்தரவு போனது. விடியற்காலையில் காய்ச்சல் 107 டிகிரி. இதயம் நின்றது. காப்பாற்ற முடியவில்லை.

லிபியின் அப்பா சிட்னி ஸயான் பத்திரிகையாளர், வக்கீலும்கூட. அவர் விடவில்லை. 1986-இல் கிராண்ட் ஜூரி யார்மீதும் குற்றம் சுமத்தவில்லை. ஆனால் பயிற்சி டாக்டர்களை நடத்தும் முறையையே சாடியது. மாநில அரசு டாக்டர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1989-இல் சட்டம் வந்தது: வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஒரே மூச்சில் 24 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 2003-இல் அமெரிக்கா முழுவதும் 80 மணி நேர வரம்பு வந்தது.

இதுவரை மருத்துவ மாணவர்கள் பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதிதான் முக்கியம்.

80 மணி நேரம் என்பது பெல்லுக்கு இரண்டாம்பட்சம். அவர் முதலில் கேட்டது வேறு: அனுபவமுள்ள மருத்துவர் ஒருவர் இரவும் பகலும் ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே இருக்க வேண்டும். நோயாளியைக் காப்பது மேற்பார்வைதான், வேலை நேரக் கணக்கு அல்ல என்று 1993-இல் மருத்துவ இதழிலும் எழுதினார். ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது எண்ணை மட்டும். 80 என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்க்கலாம், விவாதிக்கலாம். பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறாரா என்பதை யார் எண்ணுவது?

உதவி கேட்கத் தெரியவில்லை என்று பயிற்சியாளரை மட்டும் குறை சொல்லும் வழக்கத்தை பெல்லின் வாதம் புரட்டிப்போடுகிறது. கூப்பிடு தூரத்தில் ஆள் இருந்தால் கூச்சம் பாதி கரையும். தூங்குகிற ஒருவரை எழுப்பித்தான் கேட்க வேண்டும் என்றால், துணிச்சல்காரரும் இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம் என்றுதான் நினைப்பார்.

எப்படிக் கேட்பது என்பதற்கு மருத்துவத்துக்கு வழிகாட்டியது அமெரிக்கக் கடற்படை. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லும் வரிசை ஒன்று இருந்தது: நிலைமை, பின்னணி, கணிப்பு, வேண்டியது. கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனம் அதை வார்டுக்குக் கொண்டுவந்தது. நம்மூர் ஹவுஸ் சர்ஜன் ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு, மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டரை எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். “அண்ணா, பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார், கொஞ்சம் வர்றீங்களா?” என்றால், “காலையில பாக்கலாம்” என்று பதில் வர வாய்ப்பு அதிகம். “அண்ணா, 12-ஆம் பெட்டுக்கு பி.பி. 80/50, பல்ஸ் 130. நேத்து வயித்துல ஆபரேஷன் ஆனவர். உள்ளே ரத்தம் கசியுதுன்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பாக்கணும்” என்றால் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார். நாலே வாக்கியம். கடைசி வாக்கியம்தான் பலருக்கும் வாயில் வராது. சீனியரிடம் “வந்து பாக்கணும்” என்று சொல்ல நம் நாக்கு பழகியதில்லை.

அமெரிக்காவின் பயிற்சித் திட்டங்கள் இன்னொரு படி மேலே போயிருக்கின்றன. எந்தெந்த நேரத்தில் சீனியரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதை ஒவ்வொரு திட்டமும் முன்கூட்டியே வகுத்துவைக்க வேண்டும். நோயாளியை ஐ.சி.யு.வுக்கு மாற்றுவது அதில் ஒன்று, உயிர் பிரியும் தறுவாயில் எடுக்கும் முடிவு இன்னொன்று. பட்டியலில் இருந்தால் போன் போட்டுத்தான் தீர வேண்டும். “இதுகூடத் தெரியாதா?” என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை, விதி கூப்பிடச் சொல்கிறது, கூப்பிட்டாகிவிட்டது.

ஆடிட்டர் ஆபீசில் ஆர்டிகிள்ஷிப் செய்யும் மாணவருக்கு இப்படி ஒரு பட்டியல் போட முடியுமா? எந்தத் தொகை இடித்தால், எந்த வவுச்சர் காணாமல் போனால் உடனே சீனியரிடம் ஓட வேண்டும்? ஐ.டி. கம்பெனியில் எத்தனை மணி நேரம் தனியாக முட்டி மோதிய பிறகு கையைத் தூக்கலாம்? அடுத்த வாரம் அங்கேதான் போகிறோம்.

(தொடரும்)