விடிந்ததும் தொட்டுப் பாருங்கள்

ஐப்பசி மழை ஒரு வாரமாக விடவில்லை. பினாங்குக் கொடிமலையின் உச்சி மேகத்துக்குள்ளேயே கிடந்தது. ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கால் வைத்தால் மண்ணிலிருந்து தண்ணீர் ஊறியது. அந்த வாரத்தில்தான் செவலைக் கோழி கூட்டத்தை விட்டு ஒதுங்கியது. தீனித் தட்டின் சத்தம் கேட்டால் மற்ற இரண்டையும் தள்ளிக்கொண்டு முதலில் ஓடி வருவது அதுதான். அன்று கண்ணைப் பாதி மூடி, சிறகைத் தளரவிட்டுப் படிக்கட்டு ஓரமாக நின்றது. பின்புறத்து இறகில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தது.

அம்மா அதைத் தூக்கி மடியில் வைத்து, கழுத்தடியில் விரலால் மெல்ல அழுத்தினார். "விடிஞ்சு ஒரு மணி நேரமாச்சு. நேத்துத் தின்னது இன்னும் அப்படியே நிக்குது" என்றார்.

அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். அங்கே கோழிதான் வீட்டுப் பெண்களின் கையிருப்பு. பள்ளிக்கூடச் செலவா, திடீர் விருந்தாளியா, கொல்லையில்தான் வழி பிறக்கும். ஜோர்ஜ்டவுனுக்கு வந்த பிறகு அம்மா கோழி வளர்க்கவில்லை. 2022 இறுதியில் முட்டைத் தட்டுப்பாடு வந்து, நாமக்கல் முட்டை மலேசியாவுக்கு இறக்குமதியானபோது மூன்று கம்பத்துக் கோழிகளை, அதாவது நாட்டுக்கோழிகளை, வாங்கி வந்தார். அதில் ஒன்றுதான் இந்தச் செவலை.

கோழி சுருண்டது தெரிந்ததும் இரண்டு யோசனைகள் வந்தன. "ஒரு கோழிக்கு இவ்வளவு பாடா? அறுத்துக் குழம்பு வெச்சிடுங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் தன்னிடம் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் தூளைக் கொடுத்தார். இருவரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் இருவருமே கோழியைத் தொட்டுப் பார்க்கவில்லை. நாங்களும் அவசரப்பட்டு மூன்று நாள் அந்தத் தூளைத் தண்ணீரில் கலந்து கொடுத்தோம். நான்காம் நாள் கோழியின் வாயிலிருந்து புளித்த மாவின் வாடை வந்தது.

கழுத்தடியில் ஒரு பை

கோழிக்குப் பல் கிடையாது. கொத்திய இரை நேராகக் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பைக்குப் போய், அங்கே ஊறி மெத்தென்று ஆகிறது. பிறகு அமிலம் சுரக்கும் இரைப்பைக்கும், அங்கிருந்து தடித்த தசையாலான அரைவைப்பைக்கும் இறங்குகிறது. கோழி பொறுக்கி விழுங்கிய சிறு கற்கள்தான் அங்கே அம்மியும் குழவியும். மண்ணே காணாமல் சிமெண்டுத் தரையில் வளரும் கோழிக்கு முழுத் தானியம் போட்டால், அரைக்கக் கல்லில்லாமல் அது திண்டாடும்.

மாலையில் கூண்டடையும் கோழியின் தீனிப்பை புடைத்திருக்க வேண்டும். விடியலில் காலியாக இருக்க வேண்டும். இரவு முழுக்கச் செரிமானம் ஒழுங்காக நடந்ததா என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது. காலையில் தீனி போடுவதற்கு முன் தொட்டுப் பார்த்தால் போதும்.

பை பிசைந்த மாவு போலக் கெட்டியாக இருந்தால் அடைப்பு. நீளமான புல், வைக்கோல், நைலான் நூல், நெகிழிக் கிழிசல் போன்றவை உள்ளே சிக்கிப் பந்தாகிவிடும். மழைக்காலத்தில் லாலாங் புல் வேகமாக வளரும் கொல்லைகளில் இதைக் கவனிக்க வேண்டும். பை தண்ணீர் நிறைந்த பலூன் போலத் தளதளத்து, வாயில் புளித்த வாடையும் வந்தால் உள்ளே பூஞ்சை பெருகியிருக்கலாம். கேண்டிடா என்ற அந்தப் பூஞ்சை நலமான கோழியின் உடலிலும் கொஞ்சம் இருக்கும். கூடவே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை வளரவிடாமல் வைத்திருக்கும். ஆன்டிபயாட்டிக் அந்தப் பாக்டீரியாக்களை அழிக்கும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது. எங்கள் செவலைக்கு மருந்தே வினையானது இப்படித்தான்.

பையைக் காலிசெய்ய வேண்டுமென்று கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பிழிகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியே வரும் நீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் கோழி அங்கேயே திணறிச் செத்துவிடும்.

எச்சத்தைப் பார்க்கக் கூசாதீர்கள்

செவலையைக் கொண்டுபோனபோது கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது எச்சத்தைத்தான். நலமான கோழியின் எச்சம் பழுப்பும் பச்சையுமாகத் திரண்டு, மேலே வெள்ளைத் தொப்பி வைத்தது போல இருக்கும். அந்த வெள்ளை, கோழியின் சிறுநீர் உப்பு. நாளுக்கு ஓரிரு முறை கோழி கருஞ்சாக்லேட் நிறத்தில், கூழாக, கடும் நாற்றத்துடன் கழிக்கும். குருட்டுக்குடலிலிருந்து வரும் அதுவும் இயல்பானதே. அதைக் கழிச்சல் என்று நினைத்து மருந்து கொடுப்பவர்கள் ஏராளம். வெயில் நேரத்தில் நிறையத் தண்ணீர் குடித்தாலும் எச்சம் நீர்த்துப்போகும்.

பயப்பட வேண்டியவை வேறு. எச்சத்தில் இரத்தம், சளி, செரிக்காத தானியம், அல்லது தின்பது குறைந்த கோழியிடம் வரும் அடர்பச்சை நீர். செவலையின் எச்சத்தில் சளியும் செரிக்காத சோளமும் இருந்தன. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த மருத்துவர், பூஞ்சையோடு இன்னொன்றும் இருப்பதாகச் சொன்னார்: இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா ஒட்டுண்ணியின் முட்டைகள்.

இரத்தக் கழிச்சல் பெரும்பாலும் குஞ்சுகளின் நோய். வளர்ந்த கோழிக்கு எதிர்ப்பு சக்தி இருக்கும். ஆனால் உடல் தளர்ந்து, மண்ணும் விடாமல் ஈரமாக இருந்தால் வளர்ந்த கோழியும் தப்பாது. எச்சத்தோடு வெளியே விழும் ஐமீரியா முட்டை உடனே தொற்றாது. சூடும் ஈரமும் உள்ள இடத்தில் ஓரிரு நாளில்தான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். பினாங்கின் மழைமாதக் கொல்லை அதற்கு நல்ல அடைகாப்பகம். சாதாரணக் கிருமிநாசினி அந்த முட்டையின் ஓட்டைத் துளைக்காது. உலர்ச்சியும் வெயிலும்தான் அதற்கு எமன். எச்சத்தை அன்றன்றே வாரிவிட்டால் சங்கிலி அறுந்துபோகும். மருந்துப் புட்டிக்கு முன்னால் வாளியும் துடைப்பமும் வேலை செய்ய வேண்டும்.

கம்பத்துக் கோழிக்காக யோசித்தவர்கள்

மலிவான உயிர் என்பதால் கம்பத்துக் கோழியின் நோயை யாரும் பொருட்படுத்துவதில்லை என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் இந்த மண்ணிலேயே அதற்காக உழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் அழைக்கப்படும் நோயை மலாய்க்காரர்கள் சம்பார் என்பார்கள். உலக நூல்களில் அதன் பெயர் நியூகாசில் நோய். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அது அடையாளம் காணப்பட்டது. மலாயாவில் 1934-இல், பினாங்கின் தென் எல்லையை ஒட்டிய பாரிட் புந்தாரில் தலைகாட்டியது. பச்சையாகக் கழிந்து, கழுத்து திருகி, ஊர்க்கோழிகள் ஒரே வாரத்தில் கூண்டோடு அழியும்.

தடுப்பூசி இல்லாமல் இல்லை. ஆனால் அதைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். பகலெல்லாம் மேய்ந்து இரவில் மரமேறும் கம்பத்துக் கோழியை யார் பிடிப்பது? 1980-களில் செர்டாங்கில் இருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தின் லத்தீஃப் இப்ராஹிமும் ஐனி இடெரிஸும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஸ்பிராட்புரோவும் சேர்ந்து இதற்கு வழி தேடினார்கள். வி4 என்ற வீரியமற்ற வைரஸிலிருந்து வெப்பம் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, தீனியில் தூவிக் கொடுத்தார்கள். கோழி தானாகவே வந்து கொத்தித் தின்றது. பின்னாளில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் புறக்கடைக் கோழிகளுக்காக இதே நோய்க்கு வாய்வழிக் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியது.

இந்த அறிஞர்கள் கோழி எங்கே படுக்கிறது, எப்போது மேய்கிறது, யார் கையில் வந்து தின்கிறது என்று முதலில் பார்த்தார்கள். மருந்தின் வடிவம் அதற்குப் பிறகுதான் முடிவானது.

தனிக்கூண்டு, தராசு, ஒரு நோட்டு

செவலைக்கு மழைச்சாரல் படாத பின்கட்டில் ஒரு கூண்டு வைத்தோம். கீழே செய்தித்தாள், எச்சம் தெளிவாகத் தெரியும், காலையும் மாலையும் மாற்றலாம். கூண்டு மற்ற இரண்டு கோழிகளும் கண்ணில் படும் தூரத்தில் இருந்தது. தனிமையில் கோழி சரியாகத் தின்னாது.

பூஞ்சைக்கு நிஸ்டாட்டின், ஐமீரியாவுக்கு ஆம்புரோலியம். இரண்டும் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை. ஆம்புரோலியம் பி1 வைட்டமினைப் போல நடித்து ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் மருந்து. அதனால் அந்த நாள்களில் பி1 கலந்த சத்துத்தூள் கொடுக்கக் கூடாது என்றார். பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை) மஞ்சளும் பூண்டும் இடித்துக் கொண்டுவந்தார். அம்மாவும் சீரகம், மிளகு, கீழாநெல்லி என்று பட்டியல் வைத்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் இத்தகைய மூலிகை முறைகளைக் கால்நடை மருத்துவர்களே தொகுத்துப் பரப்பி வருகிறார்கள். ஆனாலும் நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, மருத்துவர் மருந்தை நிறுத்தாமல், தீனியில் சிட்டிகையளவுக்கு மேல் வேண்டாம் என்று முடிவுசெய்தோம். காரம் அதிகமானால் புண்பட்ட குடல் தாங்காது.

தீனி, நனைத்துக் குழைத்த கோழித்தீவனமும் கொஞ்சம் அவித்த முட்டையும். ஒரே நேரத்தில் நிறைய வைக்காமல் நாளுக்கு ஐந்தாறு முறை. மிச்சம் உடனே குப்பைக்கு, ஏனென்றால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தீனி மதியத்துக்குள் புளித்துவிடும். சாக்கில் இருந்த பழைய சோளத்தையும் கொட்டினோம். பூசணம் பிடித்த சோளத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே அது அங்கே இருக்கலாம்.

காலையில் தீனிக்கு முன் சமையலறைத் தராசில் எடை, தீனிப்பையின் நிலை, எச்சத்தின் நிறம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்தேன். கோழி நோயை மறைக்கும் பிராணி. தளர்ந்தது தெரிந்தால் இரையாகிவிடுவோம் என்ற காட்டுக்கோழியின் அச்சம் அதன் இரத்தத்தில் இருக்கிறது. இறகு எடையிழப்பை மூடிவிடும். தராசில் மறைக்க முடியாது. 1,400 கிராம் இருந்த செவலை 1,060-க்கு இறங்கியது. நெஞ்செலும்பு கத்தி போலக் கையில் தட்டியது. ஒன்பதாம் நாள் 20 கிராம் ஏறியது. பதினான்காம் நாள் மறுபடி கழிந்து 30 கிராம் போனது. மருத்துவர் பதறவில்லை. உரிந்த குடல் சவ்வு ஆறுவதற்கு வாரங்கள் பிடிக்கும், மருந்தை மாற்றாதீர்கள் என்றார்.

கை கழுவுங்கள், தகவல் கொடுங்கள்

கோழிமேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் அதைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவியே ஆக வேண்டும். சால்மொனெல்லா என்ற கிருமி கோழியிடமிருந்து நமக்கு வரும். மருந்து கொடுக்கும் நாள்களிலும், மருத்துவர் சொல்லும் இடைவெளி முடியும்வரையிலும் முட்டையையும் இறைச்சியையும் தொடக் கூடாது. "அறுத்துக் குழம்பு வை" என்பது தின்பவருக்கும் ஆபத்து.

ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே தகவல் கொடுங்கள். பறவைக் காய்ச்சல் 2004-இல் கிளந்தானிலும், 2006-இல் செபராங் பிறையிலும் வந்ததை மறக்கக் கூடாது. வடமாநிலங்களுக்கான அரசுக் கால்நடை ஆய்வகம் பினாங்குப் பாலத்துக்கு அப்பால், புக்கிட் தெங்காவில்தான் இருக்கிறது.

எல்லாக் கோழியும் பிழைக்காது. வயதான பெட்டையின் தீராத கழிச்சலுக்குக் காரணம் சில வேளை குடலில் இருக்காது. சூலகத்தில் கட்டியோ, வயிற்றுக்குள் உடைந்த மஞ்சள் கருவோ இருக்கும். எடை இறங்கிக்கொண்டே போய், வயிறு தண்ணீராய்க் கனத்து, கோழி மூச்சுக்குத் தவித்தால், வலியில்லாமல் முடித்துவைக்கத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதும் பராமரிப்புதான். அந்த முடிவைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு எடுக்க வேண்டும். சலித்துப்போய் எடுக்கக் கூடாது.

செவலை இன்னும் மறுபடி முட்டையிடத் தொடங்கவில்லை. எடை 1,280-ஐத் தாண்டவில்லை. இருபத்தாறாம் நாள் விடியலில் வழக்கம்போல அம்மா அதை மடியில் வைத்துக் கழுத்தடியைத் தொட்டார். விரல் தோலோடு தோலாக உள்ளே போனது. பையில் ஒன்றுமில்லை. செவலை திமிறி, அம்மாவின் வளையலைக் கொத்தியது.

"பசிக்குது இதுக்கு" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை.