சாப்பாடு போடாத மருமகள்!

மதுரை டவுன்ஹால் ரோடு டீக்கடையில் ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேரை மடக்கிக் கேட்டேன்: ''டிமென்ஷியான்னா என்னப்பா?''

''புது இங்கிலீஷ் படமாண்ணே?'' என்றார் ஒருவர். ''வயசானா புத்தி பிசகும்ல... அதானே!'' என்றார் இன்னொருவர். மற்ற மூவரும் டீ கிளாஸுக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார்கள். ஐந்து பேரும் ஃபெயில்!

கவலை வேண்டாம். உலகமே நம்ம பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. 2019-ல் 155 நாடுகளில் சுமார் 70,000 பேரிடம் ஒரு சர்வே எடுத்தார்கள். மூன்றில் இரண்டு பேர், 'வயசானா இதெல்லாம் சகஜம்' என்று சொல்லிவிட்டார்கள். கூத்து என்னவென்றால், மருத்துவத் துறையில் இருப்பவர்களிலும் 62 சதவிகிதம் பேர் அதே கட்சி!

சகஜமில்லை சார். இது மூளை செல்கள் சேதமாவதால் வரும் கோளாறு. 2023-ல் வெளியான ஆய்வுக் கணக்குப்படி, நம் நாட்டில் அறுபது தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு இது இருக்கிறது.

மக்களுக்கு இதைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று அளக்க, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தார் 25 வாக்கியங்களில் ஒரு 'கேள்வித்தாளே' தயாரித்திருக்கிறார்கள். அரபு உட்படப் பல மொழிகளுக்கு அது போயிருக்கிறது. நமக்கும் ஒரு மினி பரீட்சை. சரியா, தப்பா?

1. சாவியை வைத்த இடம் மறந்தால் டிமென்ஷியா.

தப்பு. அது எல்லோருக்கும் வருவது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு 'இது எதுக்கு?' என்று விழித்தால்தான் கவனிக்க வேண்டும்.

2. மறதி மட்டுமே அறிகுறி.

தப்பு. சில்லறை எண்ணத் தடுமாறுவது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, குணம் மாறுவது... எல்லாமே அறிகுறிதான்.

3. டாக்டரிடம் போய்ப் பிரயோஜனமில்லை.

மகா தப்பு! பி-12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் இப்படி மறதி வரலாம். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. நிஜமான டிமென்ஷியாவை முழுசாகக் குணமாக்க முடியாது. ஆனால் தொந்தரவுகளைக் கொஞ்சம் குறைக்க மருந்து இருக்கிறது.

4. இதெல்லாம் கிழவர்கள் சமாசாரம்.

தப்பு. பி.பி., சுகர், சிகரெட் மூன்றும் பின்னாளில் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. டீயோடு ஒரு 'தம்' போடுகிறவர்கள் கவனிக்க!

பரீட்சை வைத்த நான் மட்டும் என்ன யோக்கியம்? எங்க அப்பத்தா சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள், ''மருமக சோறே போடலை''ன்னு தெருவெல்லாம் சொல்லும். தெரு அம்மாவை ஏசியது. நாங்கள் அப்பத்தாவை, ''ஏன் பொய் சொல்றே?''ன்னு அதட்டினோம். அது பொய் இல்லை, நோய் என்று புரிந்தபோது அப்பத்தா இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர் கேட்டதையே கேட்கிறாரா? ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிப் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல், மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அதுவரை, பத்தாவது தடவை கேட்டாலும் சிரித்த முகமாகச் சொல்லுங்கள்: ''சாப்பிட்டேன் அப்பத்தா!''