ராப்பரா, பட்டதாரியா? அமெரிக்கக் கறுப்பினத்தவர்களுக்குச் சொத்து சேர்த்துத் தருவது எது?

2019 மே 19. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள மோர்ஹவுஸ் கல்லூரியில் பட்டமளிப்பு விழா. கறுப்பின ஆண்களுக்கான கல்லூரி. மார்ட்டின் லூதர் கிங் படித்த இடம். சிறப்பு விருந்தினராக வந்த தொழிலதிபர் ராபர்ட் ஸ்மித், பேச்சுக்கு நடுவே திடீரென ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அந்த ஆண்டு பட்டம் வாங்கும் எல்லோருடைய கல்விக்கடனையும் தன் குடும்பமே அடைக்கும் என்றார். மொத்தம் சுமார் 400 மாணவர்கள். பெற்றோர் வாங்கிய கடனையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது தொகை 3.4 கோடி டாலரில் வந்து நின்றது.

சரியாக 15 நாள் கழித்து, ஜூன் 3-ம் தேதி ஃபோர்ப்ஸ் இதழில் இன்னொரு செய்தி. ராப் பாடகர் ஜே-ஸியின் சொத்து மதிப்பு 100 கோடி டாலரைத் தொட்டுவிட்டது. ஹிப் ஹாப் உலகின் முதல் பில்லியனர் அவர்தான். நியூயார்க் புரூக்ளினில் மார்சி ஹவுசஸ் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். பள்ளிப்படிப்பையே முடிக்காதவர். இளவயதில் தெருவில் போதைப்பொருள் விற்றதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

படித்தவர்கள் கடனாளி, படிக்காதவர் பில்லியனர். இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் "அப்புறம் எதுக்கு காலேஜ்?" என்று கேட்கத் தோன்றும். அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் மத்தியில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியும் இதுதான். கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

சம்பளம் வேறு, சொத்து வேறு

முதலில் ஓர் அடிப்படை விஷயம். மாதாமாதம் கைக்கு வருவது வருமானம். வீடு, பங்கு, சேமிப்பு எல்லாவற்றையும் கூட்டி, அதில் கடனைக் கழித்தால் மிஞ்சுவது சொத்து. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விவாதம் திசை மாறிப் போகிறது.

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பங்களின் சொத்துக் கணக்கை எடுக்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி, வெள்ளையின குடும்பங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து 2.85 லட்சம் டாலர். கறுப்பினக் குடும்பங்களின் வரிசையில் நடுவில் நிற்பவரிடம் இருப்பது 44,900 டாலர். ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1865-ல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலையானவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. 1930-களில் கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, 'இங்கே வீட்டுக்கடன் ஆபத்து' என்று வகைப்படுத்தினார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு அரசு கொடுத்த வீடு, கல்விச் சலுகைகளிலும் கறுப்பின வீரர்கள் பெருமளவு ஓரங்கட்டப்பட்டார்கள். வெள்ளையின தாத்தா வாங்கிய வீடு பேரனின் காலேஜ் ஃபீஸாக மாறியது. கறுப்பின தாத்தாவிடம் மாற்றுவதற்கு வீடே இல்லை.

அப்போ டிகிரி என்ன செய்கிறது?

சம்பளத்தை உயர்த்துகிறது. அதில் சந்தேகமே இல்லை. பட்டதாரிகள் சராசரியாக அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பது கறுப்பினத்தவர்களுக்கும் பொருந்தும். வேலை போகும் ஆபத்தும் குறைவு.

இடிப்பது சொத்துக் கணக்கில்தான். டியூக் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டேரிட்டி, பொருளாதார நிபுணர் டேரிக் ஹாமில்டன் உள்ளிட்டோர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவில் பலரைத் திடுக்கிட வைத்தது. பட்டதாரி தலைமையில் உள்ள கறுப்பினக் குடும்பத்தின் சொத்து, பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத ஒருவர் தலைமையில் உள்ள வெள்ளையினக் குடும்பத்தின் சொத்தைவிடக் குறைவு என்றது அந்த ஆய்வு. இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எழுத்துப்பிழை இல்லை.

செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் தலைமுறை வாரியாகப் பார்த்தார்கள். 1980-களில் பிறந்த கறுப்பினப் பட்டதாரிகளுக்கு டிகிரியால் சம்பளம் கூடியிருக்கிறது. ஆனால் டிகிரி இல்லாத கறுப்பினத்தவரோடு ஒப்பிட்டால் சொத்தில் கிடைத்த கூடுதல் பலன் கிட்டத்தட்ட பூஜ்யம்.

காரணம் கடன். 2016-ல் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கணக்கு இது: பட்டம் வாங்கும் நாளில் கறுப்பின மாணவரின் கடன், வெள்ளையின மாணவரின் கடனைவிட சராசரியாக 7,400 டாலர் அதிகம். நான்கே வருடத்தில் அந்த இடைவெளி 25,000 டாலரைத் தொடுகிறது. கறுப்பினப் பட்டதாரியின் தலையில் அப்போது இருப்பது கிட்டத்தட்ட 53,000 டாலர்.

கட்டக் கட்ட குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடுகிறது? வட்டி ஒரு பக்கம். மேற்படிப்புக்கு மறுபடியும் கடன் வாங்குவது இன்னொரு பக்கம். மூன்றாவதாக ஒன்று உண்டு, இது நமக்கும் பழக்கமான விஷயம்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் சம்பளம் அவருடையது மட்டும் இல்லை. அம்மாவின் வாடகை, தம்பியின் ஃபீஸ், அத்தையின் மருத்துவச் செலவு எல்லாம் அதிலிருந்துதான் போகும். பக்கத்து மேஜையில் அதே சம்பளம் வாங்கும் வெள்ளையின நண்பருக்கோ, வீடு வாங்க அப்பா முன்பணம் கொடுத்திருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே டிகிரி, ஒரே சம்பளம். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் ஒருவருக்குச் சொந்த வீடு, இன்னொருவருக்குத் தவணை.

சரி, ஹிப் ஹாப் பக்கம் வருவோம்

ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் பிராங்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிண்டி கேம்ப்பெல் என்ற இளம்பெண் பார்ட்டி வைத்தார். அண்ணன் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றினார். உள்ளே வரக் கட்டணம். எதற்கு? பள்ளி திறக்கப் போகிறது, புது டிரெஸ் வாங்கப் பணம் வேண்டும். ஆக, ஹிப் ஹாப்பின் முதல் வசூலே படிக்கப் போவதற்காகத்தான்!

ஆனால் அடுத்த 20 வருஷம் பாடியவர்களுக்குப் பெரிதாகப் பணம் சேரவில்லை. இசை நிறுவன ஒப்பந்தம் வேலை செய்யும் விதம் அப்படி. நிறுவனம் முதலில் அட்வான்ஸ் தரும். ரெக்கார்டிங் செலவு, வீடியோ செலவு என ஒவ்வொன்றையும் பாடகருக்கு வரவேண்டிய ராயல்டியிலிருந்து பிடித்துக்கொள்ளும். எல்லாம் கழிந்த பிறகும் 'மாஸ்டர்' எனப்படும் மூலப்பதிவின் உரிமை நிறுவனத்திடமே இருக்கும். நீங்கள் வீடு கட்டுகிறீர்கள், கட்டிய செலவும் உங்கள் சம்பளத்தில் பிடித்தம், பத்திரம் மட்டும் வேறொருவர் பெயரில் என்றால் எப்படி இருக்கும்? அதேதான். டிஎல்சி என்ற மூன்று பெண்கள் குழு 1995-ல் திவால் மனு போட்டது, அவர்களுடைய ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த நேரத்தில். அடுத்த ஆண்டே எம்.சி. ஹேமரும் திவால்.

இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தவர்களில் ஒருவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த மாஸ்டர் பி. தாத்தா இறந்ததற்குக் கிடைத்த இழப்பீட்டில் 10,000 டாலர் அவர் கைக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் கேசட் கடை போட்டார், பெயர் 'நோ லிமிட்'. கடையில் நின்று எது விற்கிறது என்று பார்த்தார், பிறகு தானே பாடித் தானே விற்றார். பெரிய நிறுவனம் தேடி வந்தபோது, விநியோகம் மட்டும் உங்களுடையது, மாஸ்டர் உரிமை என்னுடையது என்று சொல்லிவிட்டார். லாபத்திலும் பெரும்பங்கு அவருக்கே. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அவர் கல்லூரிப் பக்கமே போகாதவர் இல்லை. கூடைப்பந்து விளையாடி உதவித்தொகையில் கல்லூரிக்குப் போய், பிறகு ஓக்லாந்தின் மெரிட் கல்லூரிக்கு மாறியவர்.

ஜே-ஸியும் அதே வழிதான். எந்த நிறுவனமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே இரண்டு கூட்டாளிகளோடு 1995-ல் 'ராக்-ஏ-ஃபெல்லா' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 2004-ல் டெஃப் ஜாம் நிறுவனத்தின் தலைவர் பதவி தேடி வந்தபோது, தன் பழைய பாடல்களின் மாஸ்டர் உரிமை ஒருநாள் தனக்கே திரும்ப வரவேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்தார். 2007-ல் 'ராக்காவேர்' ஆடை பிராண்டின் உரிமையை 20.4 கோடி டாலருக்கு விற்றார்.

2019-ல் ஃபோர்ப்ஸ் போட்ட கணக்கைப் பாருங்கள். அவருடைய ஷாம்பெயின் பிராண்டின் மதிப்பு 31 கோடி டாலர். பாடல்களின் மதிப்பு? 7.5 கோடி. மொத்தச் சொத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பாட்டு இல்லை. டாக்டர் ட்ரே கதையும் இப்படித்தான். அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஹெட்போன். ஜிம்மி ஐயோவினோடு சேர்ந்து தொடங்கிய பீட்ஸ் நிறுவனத்தை 2014-ல் ஆப்பிள் 300 கோடி டாலருக்கு வாங்கியது.

எனவே 'ராப் பாடிப் பணக்காரர் ஆனார்' என்பது முழு உண்மை இல்லை. பாட்டு கொடுத்தது பெயர். அந்தப் பெயரை வைத்து எதன் பத்திரத்தைத் தன் பேருக்கு எழுதி வாங்கினார் என்பதில்தான் சொத்து இருக்கிறது. பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு கான்யே வெஸ்ட் உதாரணம். சொத்தின் பெரும்பகுதி அடிடாஸ் ஒப்பந்தத்தின் மதிப்பு. யூதர்களைப் பற்றி அவர் வெறுப்பாகப் பேச, 2022 அக்டோபரில் அடிடாஸ் உறவை முறித்தது. அன்றே பில்லியனர் பட்டியலிலிருந்து பெயர் போனது. 'காலேஜ் டிராப்-அவுட்' என்று ஆல்பத்துக்கே பெயர் வைத்தவர் அவர். அவரை வளர்த்த அம்மா டோண்டா வெஸ்ட், சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர்!

எத்தனை பேர் ஜே-ஸி ஆக முடியும்?

ஹிப் ஹாப் பில்லியனர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஒவ்வொரு ஜே-ஸிக்கும் பின்னால், பாட்டு வெளியிட்டும் வாடகை கட்ட முடியாத எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் அட்டைப்படக் கட்டுரை எழுதுவதில்லை. மறுபுறம், 25 வயதைத் தாண்டிய கறுப்பின அமெரிக்கர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் பட்டதாரி. லாட்டரியையும் மாதச் சம்பளத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அந்த வகையில் காலேஜ்தான் இன்னமும் பெரும்பாலானவர்களுக்கான வழி.

'பாட்டு வேண்டாம், சொந்தத் தொழில் தொடங்கலாமே' என்றால் அங்கேயும் அதே முட்டுச்சந்து. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 14 சதவீதம். ஆனால் ஊழியர்களை வைத்து நடத்தும் நிறுவனங்களில் அவர்களுக்குச் சொந்தமானவை 3 சதவீதம் அளவுக்குத்தான். தொழில் தொடங்க முதல் வேண்டும், முதலுக்கு அடமானம் வைக்க வீடு வேண்டும். மறுபடியும் தாத்தாவிடம்தான் வந்து நிற்கிறோம்.

லாஸ் ஏஞ்சலஸின் கிரென்ஷா பகுதியைச் சேர்ந்த ராப்பர் நிப்ஸி ஹஸில் நடுவில் ஒரு பாதையை முயன்று பார்த்தார். 2013-ல் ஒரு மிக்ஸ்டேப்பை 100 டாலர் விலை வைத்து 1,000 பிரதி விற்றார். அதில் 100 பிரதியை வாங்கியவர் ஜே-ஸி. அந்தப் பணத்தையும் பெயரையும் கொண்டு தன் தெருவிலேயே துணிக்கடை திறந்தார். பகுதி இளைஞர்கள் தொழில் பழக வேலைக்கூடம் ஒன்றையும் தொடங்கினார். 2019 மார்ச் 31 அன்று தன் கடை வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33.

பணம் வந்ததும் எங்கே போகிறது?

இங்கேதான் விஷயம் இன்னும் சுவாரஸ்யமாகிறது. ஜே-ஸியும் அவருடைய அம்மாவும் 2003-ல் தொடங்கிய அறக்கட்டளை, மாணவர்கள் கல்லூரிக்குப் போக உதவித்தொகை தருகிறது. டாக்டர் ட்ரேவும் ஐயோவினும் 2013-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 7 கோடி டாலர் கொடுத்தார்கள்.

அந்த நன்கொடைக்குக் கைதட்டல் மட்டும் கிடைக்கவில்லை. டில்லார்ட் பல்கலைக்கழகத்தின் அப்போதைய தலைவர் வால்டர் கிம்ப்ரோ பகிரங்கமாகவே கேள்வி எழுப்பினார். ஏற்கனவே பணக்காரப் பல்கலைக்கழகமான அதற்குக் கொடுத்த இவ்வளவு பெரிய தொகையை, கறுப்பினத்தவர்களுக்காக உருவான ஒரு கல்லூரிக்குக் கொடுத்திருக்கலாமே என்பது அவர் ஆதங்கம். அப்படிப்பட்ட கல்லூரிகள் அமெரிக்காவில் சுமார் 100 உள்ளன. கமலா ஹாரிஸ் படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகம் அதில் ஒன்று. அங்கே படிக்க வருபவர்களில் பலர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், கடன் இல்லாமல் படிக்க முடியாதவர்கள்.

அடுத்து என்ன?

கல்விக்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய பைடன் அரசு கொண்டுவந்த திட்டத்தை 2023 ஜூன் 30-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முந்தைய நாள்தான் பல்கலைக்கழக மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கும் அதே நீதிமன்றம் தடை போட்டிருந்தது. ராபர்ட் ஸ்மித் ஒரு கல்லூரியோடு நிறுத்தவில்லை. அறிவியல், தொழில்நுட்பம் படிக்கும் கறுப்பினக் கல்லூரி மாணவர்களுக்காக, வேலை கிடைத்து சம்பாதிக்கும் அளவைப் பொறுத்துத் திருப்பிச் செலுத்தும் நிதித் திட்டத்தை 2020-ல் ஆதரித்துத் தொடங்கி வைத்தார்.

அடுத்த மாற்றம் பெற்றோர் கடனில். பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் தங்கள் பெயரில் வாங்கும் அரசுக் கடனுக்கு, 2025 ஜூலையில் ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டம் உச்சவரம்பு விதித்துள்ளது. ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தமாக 65,000 டாலர். 2026 ஜூலை 1 முதல் இது அமல் என்கிறது சட்டம். கடன் சுமை குறையும் என்பது ஆதரிப்பவர்களின் வாதம். கறுப்பினக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளின் குடும்பங்கள் இந்தக் கடனைத்தான் அதிகம் நம்பியிருக்கின்றன, மீதிப் பணத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்கிறார்கள் எதிர்ப்பவர்கள்.