குறைந்த மருந்தும் குறையாத ஆபத்தும்

மருந்தை அளவுக்கு மிஞ்சி உண்பது தீதென்பதை யாவரும் அறிவர். அளவிற் குறைத்து உண்பதும் தீதென்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணக் குறைவு உயிருக்கே இடராய் முடியும். நம் பழைய மாணவருள் முதுமையெய்தியோர் பலராதலின், இம்மலரில் இதுபற்றிச் சில கூற விழைகின்றோம்.

இருதயத்தின் மேலறைகள் சீரின்றித் துடிக்கும் நோயுடையோர், உலோக வால்வு பொருத்தப்பெற்றோர், காலின் ஆழ்நாளங்களில் இரத்தக்கட்டி உண்டானோர் ஆகியோருக்கு வைத்தியர் வார்பரின் என்னும் மாத்திரையை விதிப்பதுண்டு. இளமையிற் கண்ட வாதக்காய்ச்சலால் வால்வு பழுதுற்றோரும் இவருள் அடங்குவர்.

இம்மருந்து இரத்தத்தை நீர்போல் ஆக்குவதன்று. உறைதலுக்கு வேண்டிய பொருள்கள் சிலவற்றை ஈரல் வைட்டமின் கே-யின் துணைகொண்டே ஆக்குகின்றது. அவ்வைட்டமின் மீண்டும் மீண்டும் பயன்படுவதை வார்பரின் தடுப்பதால், இரத்தம் உறையும் விரைவு தாழ்கின்றது. அதனை அளக்கும் எண் ஐ. என். ஆர். எனப்படும். மருந்துண்ணாதாருக்கு அது ஏறக்குறைய 1 ஆகும். மருந்துண்போருட் பெரும்பாலாருக்கு 2 முதல் 3 வரை இருத்தல் வேண்டும். உலோக வால்வு உடையோர் சிலருக்கு இன்னுஞ் சற்று உயர்ந்திருத்தல் வேண்டும்.

இம்மாத்திரையைக் கண்டு மக்கள் அஞ்சுவதற்கு அதன் வரலாறும் ஒரு காரணம். 1920ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவிற் கெட்டுப்போன தீவனத்தை உண்ட கால்நடைகள் இரத்தம் பெருகி மாண்டன. அதன் காரணத்தை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் கார்ல் லிங்க் குழுவினர் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியின் வழிப் பிறந்த வார்பரின் 1948இல் எலிப்பாஷாணமாக விற்பனைக்கு வந்தது. ஆயினும் 1955இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் மாரடைப்புற்றபோது அவருக்கும் அதுவே அளிக்கப்பட்டது. அளவே நஞ்சையும் மருந்தையும் பிரிக்கின்றது.

பல் துலக்கும்போது ஈறு கசிந்தால் அது கண்ணுக்குத் தெரியும். உடனே மாத்திரையைப் பாதியாக்கத் தோன்றும். இருதயத்தின் மேலறையிலே தேங்கிய இரத்தம் கட்டியாவதோ ஒருவருக்குந் தெரியாது. அக்கட்டி மூளைக்குச் சென்று நாளத்தை அடைத்தால் பாரிசவாதம் உண்டாகும். உலோக வால்விற் படிந்தால் வால்வு இறுகி நின்றுவிடும். சீரற்ற துடிப்புடையோரை ஆராய்ந்து 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, எண் 2 ஆக இருப்போரினும் 1.7 ஆக இருப்போருக்குப் பாரிசவாத அபாயம் இருமடங்கு என்றும், 1.5 ஆக இருப்போருக்கு மும்மடங்கினும் மிகுதி என்றுங் கண்டது. சிறு குறைவு பெருங் கேட்டை விளைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மாத்திரையைக் குறைக்காமலே எண் தாழ்வதும் உண்டு. வல்லாரைச் சம்பலும், பொன்னாங்காணி வறையும், காலையில் அருந்தும் இலைக்கஞ்சியும் நம் மலைநாட்டு உணவிற் சிறப்பிடம் பெற்றவை. வைட்டமின் கே நிறைந்தவை. இவற்றை விலக்க வேண்டியதில்லை. நாடோறும் ஏறக்குறைய ஒரே அளவாக உண்டால் வைத்தியர் அதற்கேற்ப மருந்தை வகுப்பர். உடல்நலங் கருதித் திடீரென இலைக்கஞ்சியைத் தொடங்குவதே இடர் தரும். விரதகாலத்தில் உணவு மாறுவதையும், காசநோய்க்குரிய ரிபாம்பிசின் போன்ற புதுமருந்து சேர்வதையும் முன்னரே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

கம்பளையிலும் நாவலப்பிட்டியிலுமிருந்து கண்டித் தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ பஸ் ஏறி வருவது எளிதன்று. எனினும் இரத்தப் பரிசோதனை நாளைத் தவறவிடலாகாது. மாத்திரை தீருமுன் அடுத்ததைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும். மாத்திரைகளின் எண்ணிக்கையையன்றி மில்லிகிராம் அளவையே குறித்து வைத்தல் நன்று. ஒருநாள் மறந்தால் மறுநாள் இரட்டித்து உண்ணலாகாது. பல் பிடுங்குவதற்காகத் தாமே மருந்தை நிறுத்தலாகாது. இரத்தம் கசிந்தால் வைத்தியரிடம் செல்வதே முறை. புதிய மருந்துகள் சிலவற்றுக்கு இப்பரிசோதனை வேண்டுவதில்லை. ஆனால் அவற்றின் காவல் ஒருநாளிலேயே நீங்குமாதலின், வேளை தவறுவது இன்னும் தீது. உலோக வால்வுடையோருக்கு அவை ஆகா.

முகம் ஒருபுறம் கோணினும், ஒரு கை சோரினும், பேச்சுக் குழறினும் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை உடன் வருவித்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கசிவுக்கு அஞ்சும் நாம், கண்ணுக்குத் தெரியாத கட்டிக்கும் அஞ்சுவோமாக. வைத்தியர் வகுத்த அளவைக் கூட்டாமலும் குறையாமலும் உண்பதே அறிவுடைமை.