தீர விசாரிப்பதே மெய்

துப்பறியும் கதை என்றதும் கொலையும் களவும்தான் நினைவுக்கு வரும். ‘நாங்கள் கண்டதெல்லாம் போதாதா, இனிக் கதையிலும் காண வேண்டுமா?’ என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். ஆனால் அந்தக் கதைகளில் நமக்கு உதவக்கூடிய ஒரு பழக்கம் இருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஷெர்லொக் ஹோம்ஸ் என்ற கற்பனைத் துப்பறிவாளரை 1887இல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஆர்தர் கொனன் டொயில். அவர் ஒரு வைத்தியர். எடின்பரோவில் தமக்கு மருத்துவம் கற்பித்த டொக்டர் ஜோசப் பெல்லை மனதில் வைத்தே ஹோம்ஸைப் படைத்தார். பெல்லைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். சிறு பிள்ளையுடன் வந்த ஒரு பெண்ணிடம், அவள் எந்த ஊரிலிருந்து வந்தாள், எந்த வழியாக நடந்தாள், எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள் என்பதையெல்லாம் அவரே சொல்லிவிட்டாராம். பேச்சின் சாயல் ஊரைக் காட்டியது. சப்பாத்தில் ஒட்டிய செம்மண் வழியைக் காட்டியது. கையில் இருந்த மேலங்கி அந்தப் பிள்ளைக்குப் பெரிது. ஆகவே மூத்த பிள்ளை ஒன்றை வழியில் விட்டு வந்திருக்கிறாள். வலது கை விரல்களில் இருந்த தோல் நோய் தரைவிரிப்புத் தொழிற்சாலை வேலையைக் காட்டியது.

வட்டவளையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் பெண்கள் குழுவில் இதைச் சொன்னபோது யாரும் பெரிதாக வியக்கவில்லை. “இதென்னா மிஸ், கைக் கறையைப் பாத்தா கொழுந்தெடுக்கிறவளான்னு எங்களுக்குத் தெரியாதா?” என்றார் ஒரு அக்கா. உண்மைதான். அட்டைக் கடியையும் நனைந்த படங்கையும் பார்த்தே இவர்கள் பலவற்றைச் சொல்லிவிடுவார்கள். கவனிக்கும் கண் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கண்டதிலிருந்து எதுவரை முடிவு செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

முடிவை முதலில் எடுத்துவிட்டுத் தடயத்தைப் பிறகு தேடினால் என்ன நடக்கும் என்பதற்கு உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு. 1903இல் இங்கிலாந்தில், இரவு வேளையில் ஒரு மட்டக்குதிரையை வெட்டியதாக ஜோர்ஜ் எடல்ஜி என்ற இளம் சட்டத்தரணிக்கு 7 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரது தந்தை பம்பாயிலிருந்து வந்த பார்சி இனத்தவர். அவ்வூர்த் தேவாலயக் குரு. பொலிஸார் எடல்ஜியையே சந்தேகித்து நின்றார்கள். 3 ஆண்டுகளின் பின் விடுதலையான போதும் பழி நீங்கவில்லை. 1907இல் டொயில் அவரைச் சந்தித்தார். எடல்ஜி பத்திரிகையை முகத்தோடு ஒட்டிப் பிடித்து வாசிப்பதைக் கண்டார். இவ்வளவு பார்வைக் குறைவுள்ளவர் இருட்டில் வயல்வெளிகளைக் கடந்து எப்படிப் போயிருப்பார்? அந்தக் கேள்வியோடு மற்ற விபரங்களையும் தேடி எழுதினார். அதே ஆண்டில் எடல்ஜிக்கு மன்னிப்பு அளிக்கப்பட்டது. ஆயினும் நட்டஈடு கிடைக்கவில்லை.

எங்கள் குழுவில் ஓர் அம்மா இருக்கிறார். 1983 வன்செயலின்போது மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர். 2009இல் மகனைத் தொலைத்தவர். இப்போது தங்கையின் லயத்தில் இருக்கிறார். ஒருநாள் அவருக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. ‘உங்கள் மகனை ஒரு முகாமில் கண்டேன், பணம் தந்தால் கூட்டிப்போய்க் காட்டுவேன்’ என்றார் பேசியவர். அம்மா தோட்டை அடகு வைக்கத் தயாரானார்.

குழுவில் கூடியிருந்து, அந்த நபர் சொன்னவற்றை ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதினோம். மகனின் பெயர், வயது, படித்த பாடசாலை, காணாமற்போன இடம். இவை அனைத்தும் அம்மா பல அலுவலகங்களுக்குக் கொடுத்த மனுக்களிலும் இருந்தன. அப்படியானால் மகனிடமிருந்து மட்டுமே அறியக்கூடியது எது என்று யோசித்தோம். மறுமுறை அழைப்பு வந்தபோது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எம் மகன் வீட்டுல என்னைய எப்படிக் கூப்புடுவான்னு கேட்டேன் மிஸ். போனை வச்சிட்டாரு.”

தோடு அடகுக்குப் போகவில்லை. ஆனால் அன்று குழுவில் இன்னொன்றையும் தெளிவாகப் பேசிக்கொண்டோம். அந்த ஆள் மகனைக் கண்டதற்கு ஆதாரமில்லை என்பது மட்டுமே நமக்குத் தெரியும். மகன் உயிரோடு இல்லை என்பதற்கு அது ஆதாரமாகாது. பொய்யை விலக்குவது நம்பிக்கையை விலக்குவதாகாது. அம்மா இன்றும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

சகோதரிகளே, வெளிநாட்டு வேலை என்று முகவர் வரும்போதும், சம்பளத் துண்டில் கிலோக் கணக்குக் குறையும்போதும், அயலவரைப் பற்றி ஒரு கதை காதில் விழும்போதும் இதே முறை உதவும். ஒரு கொப்பி போதும். திகதி, சொன்னவர் யார், நேரில் கண்டாரா கேட்டுச் சொன்னாரா என்று எழுதுங்கள். இதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா என்று ஒருமுறை கேளுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். பணம் கொடுக்கும் முன்பும், கையொப்பம் வைக்கும் முன்பும் அந்தப் பக்கத்தை நம்பிக்கையான இன்னொருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.