எக்ஸ்-ரேயில் தெரியாத மூச்சுத்திணறல்

1965-ல் ஹாஃப்பிராண்ட், பெக் என்ற இரண்டு மருத்துவர்களை லூபஸ் நோயாளிகள் சிலர் குழப்பினார்கள். கொஞ்சம் நடந்தாலே அவர்களுக்கு மூச்சு வாங்கியது. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால், அந்த அவஸ்தைக்கு ஏற்ற சளியோ தழும்போ தென்படவில்லை. நுரையீரல் மட்டும் இருக்க வேண்டிய அளவைவிடச் சிறுத்திருந்தது; அதன் அடியில் இருக்கும் உதரவிதானம் மேலேறி நின்றது. ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, ‘சுருங்கும் நுரையீரல்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

உடலின் எதிர்ப்பு ஆற்றல் சொந்தத் திசுக்களையே தாக்குவதுதான் லூபஸ். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். கன்னத்தில் சிவந்த தடிப்பு, மூட்டுவலி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றை இந்நோயோடு சேர்த்துப் பலரும் அறிவார்கள். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையில் அழற்சி வருவதும் சகஜம்தான். மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் சுருக்கென்று குத்தும். சுருங்கும் நுரையீரல் அரிது. நூறு நோயாளிகளில் ஏறக்குறைய ஒருவருக்கு வரலாம்.

இதற்குக் காரணம் என்ன என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய பூச்சு குறைந்து, அவை மடிந்துபோகின்றன என்பது தொடக்க கால ஊகம். 1977-ல் கிப்சன் குழுவினர் உதரவிதானத்தின் மீது பழியைப் போட்டார்கள்: அந்தத் தசை பலவீனமாகிவிட்டதாம். 1989-ல் லரோஷ் குழுவினர் நோயாளியின் முயற்சியை நம்பாமல், உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பை வெளியிலிருந்து தூண்டிப் பார்த்தார்கள். தசை வேலை செய்தது! அப்படியானால் தானாக இழுக்கும்போது மட்டும் ஏன் தயங்குகிறது?

இன்று பலர் ஏற்கும் விளக்கத்தை 2013-ல் ஹெண்டர்சன் குழுவினர் முன்வைத்தார்கள். உறையில் அழற்சி இருப்பதால் ஆழ்ந்த மூச்சு வலிக்கிறது. வலிக்கு அஞ்சி உடல் தன்னையறியாமல் மூச்சைப் பாதியில் நிறுத்துகிறது. மாதக்கணக்கில் முழுதாக விரியாத நுரையீரல், நெடுநாள் இழுக்காத துருத்தியைப் போல விறைத்துவிடுகிறது. ‘எல்லாம் மனப்பதற்றம்’ என்று திருப்பி அனுப்பப்படும் ஆபத்து இத்தகைய நோயாளிகளுக்கு அதிகம். சி.டி. ஸ்கேன்கூட நுரையீரல் திசு நன்றாக இருப்பதாகவே காட்டக்கூடும். குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் கொள்ளளவை அளக்கும் எளிய சோதனைதான் குறையைக் காட்டிக்கொடுக்கிறது. ஸ்டீராய்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் ஆகியவற்றால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். இழந்த கொள்ளளவு முழுதும் எல்லோருக்கும் திரும்புவதில்லை.

லூபஸ் நுரையீரலில் உண்டாக்கும் இன்னொரு சிக்கல் இவ்வளவு அவகாசம் தராது. நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சிதைந்து, காற்றறைகளுக்குள் ரத்தம் கசியும். வில்லியம் ஆஸ்லர் 1904-லேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இருமலில் ரத்தம் வர வேண்டுமே என்று காத்திருப்பது தவறு; கணிசமானோருக்கு ஒரு சொட்டும் வெளியே வராது. திடீர் மூச்சுத்திணறலோடு ஹீமோகுளோபின் சரிந்தால் மருத்துவர்கள் உடனே சந்தேகப்படுகிறார்கள்.

ஒரு விநோதம்: துளியளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுக்க வைத்து, நுரையீரல் அதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் சோதனை உண்டு. பழுதான நுரையீரலில் அந்த அளவு வழக்கமாகக் குறையும். இங்கே கூடிவிடுகிறது. காற்றறையில் தேங்கிய ரத்தமே வாயுவைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். ஆனால் மூச்சுக்குத் தவிப்பவரை இந்தச் சோதனைக்கு உட்கார வைப்பது எளிதல்ல.

ஆகவே மூச்சுக்குழல் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, உப்பு நீரை விட்டு உறிஞ்சுகிறார்கள். கழுவக் கழுவத் தெளிய வேண்டிய நீர் மேலும் மேலும் சிவந்தால், கசிவு உறுதி. அதே நீரைக் கிருமிப் பரிசோதனைக்கும் அனுப்புகிறார்கள். காசநோய் மிகுந்த இந்தியாவில் இதைத் தவிர்க்க முடியாது. கசிவை நிறுத்தத் தரப்படும் அதிக அளவு ஸ்டீராய்டும், எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடும், மறைந்திருக்கும் தொற்றைக் கிளறிவிடக்கூடியவை. முடிவு வர நாளாகும் என்றால், நிலைமை மோசமாக உள்ளவர்களுக்குக் கிருமிகளுக்கான மருந்தையும் ஸ்டீராய்டையும் சேர்த்தே தொடங்கிவிடுகிறார்கள்.